சஷ்டி விரதத்தில் சாப்பிட்ட கோழிக்கறி

பதுளை

அன்புள்ள மகள் லதுஷாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் மருமகனும், எல்லாரையும்விட முக்கியமாக உன் வயிற்றில் இருக்கிற ஆளும் சுகமாக இருக்கவேண்டும் என்று நாங்கள் கேட்காத நேரமில்லை. போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் பாதியில் சிரிப்பாய், இல்லாவிட்டால் அம்மா விசர்க்கதை கதைக்காதேங்கோ என்று வைத்துவிடுவாய். பக்கத்து வீட்டுக் கிஷாந்தன் நாளைக்கு நோர்வேக்குத் திரும்புகிறான், மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் நோவு அப்படியேதான், நடக்கச் சொன்னால் மழை என்கிறார், வெயிலடித்தால் வெயில் என்கிறார். குசினிக் கூரை ஒழுகுகிறது, அதற்கும் மழை விடட்டும் என்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை நான் கந்தசஷ்டி விரதம் பிடித்தது உனக்காக. இரண்டு தரம் தங்காமல் போனபிறகு இந்தப் பிள்ளையாவது நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டேன், உனக்குச் சொல்லவில்லை. பகலில் தண்ணீர், இரவில் பாலும் பழமும். வாழ்நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் நேர்ஸ் மிஸ்ஸியாக இருந்தவள் நான், பட்டினி கிடந்து பிள்ளை தங்காது என்று எத்தனையோ பெண்களுக்கு ஏசியிருக்கிறேன். அதே வாயை மூடிக்கொண்டு நானே பட்டினி கிடந்தேன். உனக்கு ஒன்று என்றால் படித்ததெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மேல்வீட்டு எமிலி ரீச்சரின் கிறிஸ்தவ சபைக்காரர் வருடா வருடம் தேயிலைத் தோட்டப் பக்கம் மிஷன் பயணம் போவார்கள், உனக்குத் தெரியும்தானே. கூடப் போகிற நேர்ஸ் பிள்ளைக்குக் காய்ச்சல், பிரஷர் பார்க்க ஆளில்லை, நீங்கள் வாருங்கள் என்று ரீச்சர் காலையிலேயே வந்து நின்றார். அவர்கள் கும்பிடுவது வேறு நாங்கள் கும்பிடுவது வேறு என்றாலும் பிரஷர் எல்லாருக்கும் ஒன்றுதானே, போனேன். விரதம் என்று மூச்சும் விடவில்லை. சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவார், அதோடு அவர்களுடைய கோயிலில் நின்று நான் முருகனுக்கு விரதம் என்று சொல்லக் கூச்சமாகவும் இருந்தது. சாப்பாட்டு நேரம் நைசாக வெளியே போய் நின்றுவிடலாம் என்று நினைத்தேன்.

வான் ஸ்பிரிங்வெளி தாண்டி ஏறி ஒரு தோட்டத்து டிவிஷனில் நின்றது. அங்கே பழைய பிள்ளைக்காம்பராவை, வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது, அதைத்தான் கோயிலாக்கி இருக்கிறார்கள். தகரக் கூரை, சாணி மெழுகிய முற்றம். நாங்கள் போர்வையும் பள்ளிக் கொப்பியும் மருந்தும் கொண்டு போனோம், கொடுக்கப் போனவர்கள் என்ற எண்ணத்தோடுதான் இறங்கினேன். இறங்கினால் தப்பு அடிக்கிறார்கள், பிள்ளைகள் பாடுகிறார்கள், சபை மூப்பர் மாடசாமியின் மனைவி ஜீவராணி சந்தனமும் கற்கண்டும் தட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்க் குங்குமம் வாங்கி வந்தாள். எமிலி ரீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நான் என்ன செய்ய, நெற்றியைக் காட்டினேன். பிரஷர் பார்க்கும்போதும் கையை நீட்டிக்கொண்டு என்னிடம்தான் சுகம் விசாரிக்கிறார்கள். பாதிப் பேருக்கு இரத்தம் போதாது, நகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனாலும் அந்தச் சிரிப்பு! ஊரிலிருந்து பெரிய மனுசர் வந்தால் இப்படித்தான் நிற்கவேண்டும் என்று தலைமுறையாகப் பழகிய மரியாதையா, இல்லை உண்மையான சந்தோசமா என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை.

சாப்பாட்டுக்கு எங்களைப் பாயில் வரிசையாக இருத்தினார்கள். நழுவ இடமில்லை, ஜீவராணி என் கையைப் பிடித்து இருத்திவிட்டாள். வாழையிலை போட்டு, சோறு போட்டு, நான் வாய் திறப்பதற்குள் கோழிக்கறியைச் சோற்றின் மேல் ஊற்றியும் விட்டாள். வளர்த்த கோழிகளையே அடித்திருக்கிறார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லிக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். சுவரோரம் பிள்ளைகளும் பெண்களும் தட்டோடு நின்று பாடிக்கொண்டிருந்தார்கள், எங்களுக்காகப் பாடுகிறார்கள் என்று நினைத்துத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு முடிந்தது, அடுத்தது தொடங்கினார்கள், அதுவும் முடிந்தது. அப்போது மாடசாமி மூப்பர், "மிஸ்ஸி இன்னும் கை வைக்கலைங்க. புள்ளைங்களா, இன்னொரு பாட்டு பாடுங்க" என்றார். என்ன என்று ஜீவராணியைக் கேட்டேன். "வந்தவங்க எல்லாரும் கை நனைச்ச பொறகுதாங்க நாங்க சாப்புடுவோம். அது எங்க சபை பழக்கம். நீங்க மெதுவா சாப்புடுங்க மிஸ்ஸி, ஒன்னும் அவசரமில்ல" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு சின்னது பாடுகிற சாக்கில் வெறும் தட்டை நக்கிக்கொண்டிருந்தது.

நான் சாப்பிட்டேன் லதுஷா. முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கைதட்டி, ஓவென்று கத்தி, எல்லாரும் சட்டிப் பக்கம் ஓடினார்கள். ஒரு கவளத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பொய் எழுதக்கூடாது, இரண்டாம் தரமும் குழம்பு கேட்டு வாங்கினேன். அவ்வளவு ருசி, அவ்வளவு பசி.

கை கழுவப் போன இடத்தில்தான் உன் ஞாபகம் வந்தது. அழுதுவிட்டேன். ஜீவராணி பயந்து என்னவென்று கேட்க, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ மிஸ்ஸி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நாலாம் காம்பரா கருப்பம்மாக்காவும் சஷ்டிதாங்க. அதுக்குன்னு பாலும் பழமும் தனியா எடுத்து வச்சிருக்கோம். ஒங்களுக்கும் குடுத்திருப்போமே" என்றாள். ஒளிக்கத் தேவையே இல்லாத இடத்தில் ஒளித்திருக்கிறேன் பார். அதோடு விட்டாளா, உள்ளே போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். விரதம் முறிந்ததைப் பற்றி ஏதாவது சொல்வார்கள் என்று நான் கூனிப்போய் நிற்க, அவர்கள் காதில் விழுந்தது நீ பிள்ளைத்தாய்ச்சி என்பது மட்டும்தான். மறுபடியும் தப்பு, மறுபடியும் பாட்டு. "நாங்க போட்ட சோத்துலதான ஒங்க வெரதம் போச்சு, மிச்ச நாள நாங்க உபவாசம் இருந்து ஜெபிக்கிறோம், ஆண்டவர் பாத்துக்குவாரு" என்றாள் ஜீவராணி. கருப்பம்மா வந்து உன் பெயரைக் கேட்டு, தன் விரதத்தில் உன்னையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னாள். திங்கட்கிழமை கொழுந்து எடுக்கப் போகிறவர்கள், இரத்தம் இல்லாதவர்கள், பட்டினியோடு மலை ஏறக்கூடாது என்று மிஸ்ஸியாகச் சத்தம் போட்டேன். சரிங்க சரிங்க என்று சிரித்தார்கள். ஒருத்தியும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "அஞ்சு நாளும் என்னையும் மரக்கறி தின்ன வச்சிட்டு நீர் மட்டும் கோழி சாப்பிட்டனீரோ" என்று அவருக்கு அதுதான் கவலை. கோயில் ஐயர் அடுத்த வருடம் முதலிலிருந்து பிடியுங்கோ என்கிறார், அதற்குள் பிள்ளை தவழ்ந்துவிடாதா? எமிலி ரீச்சரோ நேர்த்தியே தேவையில்லை என்கிறார். யார் சொல்வது சரி என்று எனக்குப் பிடிபடவில்லை. முருகனிடம் போய் நின்றால் வாயில் வருவது ஜீவராணி பெயர்.

அப்படி இருக்கும்போதுதான் முந்தாநாள் உன் மெசேஜ் வந்தது, லேசாக இரத்தம் பட்டது, டொக்டர் படுத்திருக்கச் சொன்னார் என்று. ஆரம்ப மாதங்களில் இப்படிப் படுவது உண்டு, அநேகமாக ஒன்றும் ஆகாது என்று மிஸ்ஸிக்குத் தெரியும். அம்மாவுக்கு அந்தக் கோழிதான் கண்ணுக்குள் வந்து நின்றது. நேற்று ஜீவராணியே போன் எடுத்து உன் சுகம் கேட்டாள். சொன்னேன். பிறகு, "மிஸ்ஸி, நாங்க போட்ட சாப்பாட்டாலதான்னு நெனைக்கிறீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சந்தோசமாகப் போட்டவளை அப்படிக் கேட்க வைத்துவிட்டேனே என்று இரவு முழுக்க மனம் கேட்கவில்லை. விடிந்ததும் நானே போன் எடுத்து இல்லை என்று சொல்லிவிட்டேன். சொன்னது உண்மையா என்று எனக்கு இன்னும் தெரியாது மகளே. ஆனால் உனக்கு எழுதித் தருகிறேன், எல்லாம் நல்லபடியாகத்தான் நடக்கும், நடக்காமல் போனாலும் அந்தச் சோற்றின் மேல் நான் ஒரு பழி சொல்லமாட்டேன். என் வாய் தவறினால் இந்தக் கடிதத்தை எடுத்து என் முன்னால் பிடி.

பாரம் தூக்காதே, படி ஏறி இறங்காதே, இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு விழுங்காதே. மருமகனைச் சமைக்கச் சொல். முருகனும், அவர்களுடைய ஆண்டவரும், யார் முதலில் வந்தாலும் சரி, உன் பக்கத்தில் இருக்கட்டும். டொக்டரிடம் போய் வந்ததும் எனக்குச் சொல், எனக்குச் சொன்ன கையோடு ஜீவராணிக்கும் நீயே பேசு. அவளுடைய நம்பர் பின்பக்கத்தில் இருக்கிறது, அவள் நான் சொன்னதை நம்பவில்லை, நீ சொன்னால் நம்புவாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
சி. யோகம்மா