அடுக்கி வைத்த தெரு

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் உன் தபால் தட்டிலேயே இதைச் செருகிவிட்டுப் போகிறேன். தபால் பிரிக்கிற எங்களைப் போன்றவர்கள் உங்கள் தபால்காரர் தட்டைத் தொடக் கூடாது என்று புகார் கொடுத்திருக்கிறாயாம். என் மேற்பார்வையாளர் சொல்லித்தான் எனக்கே தெரியும். குழந்தை பிறந்து, தூக்கமில்லாமல் தள்ளாடிக்கொண்டு வேலைக்கு வந்தாயே, பார்க்கச் சகிக்காமல்தானே என் ஷிப்ட் முடிந்ததும் உன் தெருக் கடிதங்களை வீட்டு வரிசைப்படி அடுக்கி வைத்தேன்? அப்போது இனித்தது, இப்போது கசக்கிறதா?

உன் அக்கா

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நடந்ததைக் கேள். நீ அடுக்கித் தந்த நாட்களில்தான் அதிகாரி கடிகாரமும் கையுமாக வந்து நின்றார். "அடுக்குறதுக்கு அரைமணி போதும் போலிருக்கே" என்று குறித்துக்கொண்டு போனார். அதை வைத்துப் புது ஒப்பந்தத்தில் தபால்காரர்கள் எல்லோருக்கும் காலையில் அடுக்கும் நேரத்தை வெட்டி, ஆளுக்கு இன்னொரு தெருவையும் தலையில் கட்டப் போகிறார்கள். சங்கப் பிரதிநிதியான என்னால் வந்த வினை! வேறொருவர் அடுக்கினார் என்று தெரிந்தால்தான் அவர் குறித்தது செல்லாது. அதற்காகத்தான் புகார் கொடுத்தேன்; அதில் உன் பெயர் இல்லை. வெள்ளிக்கிழமை விசாரணையில் யாரென்று கேட்பார்கள். என்ன சொல்ல?

தம்பி

மார்ச் 5

தம்பி,

வாயை மூடிக்கொண்டிரு. எத்தனை வருஷம் தினக்கூலியாக அல்லாடி இப்போதுதான் நிரந்தரமானேன். என் பெயர் வெளியே வந்தால் மறுபடி தினக்கூலிதான். உன் அத்தானுக்கும் வேலையில்லை. ஒரு தெரு அதிகமாக நடந்தால் உங்கள் கால் ஒன்றும் தேய்ந்துவிடாது.

அக்கா

மார்ச் 6, காலை

அக்கா,

எனக்குத் தேயாது. முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு நடக்கிறாரே, எங்கள் தபால்காரர்களில் பெரியவர், அவர் நேற்று, "உன்னை நம்பித்தானேப்பா இருக்கோம்" என்றார். இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தேன். இன்று விசாரணையில் உன் பெயரைச் சொல்லிவிடுவேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை.

தம்பி

மார்ச் 8

அன்புத் தம்பிக்கு,

விசாரணைக்கு உன்னைக் கூப்பிடும் முன்பே நான் உள்ளே போய், அடுக்கியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். உங்கள் காலை நேரம் தப்பியது. நாளையிலிருந்து நான் தினக்கூலி. உங்கள் ஆட்கள் வந்து, பெரிய மனசு என்று புகழ்ந்தார்கள். பெரிய மனசாவது மண்ணாவது! பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனேன். உன் வாயால் என் பெயரைச் சொல்லி நான் கேட்டிருந்தால், செத்தாலும் உன் வீட்டு வாசலை மிதித்திருக்க மாட்டேன். அதற்குப் பயந்துதான் நானே முந்திக்கொண்டேன். கோபம் ஆறவில்லை, ஆற நாளாகும். என்ன செய்ய, எனக்கு இருப்பது ஒரே தம்பி.

அக்கா