மற்றவர் பக்கத்தில் எழுதுவது

15.09.2005, வியாழன்
"பதினொரு பிள்ளையள், பதினொரு பக்கம், எல்லாம் நெல்லைப் பற்றி. இதைக் கொப்பியில எழுதினா என்ன, ரீச்சர்?" என்று கணினித் திரையைப் பார்த்தபடி அதிபர் இராஜரத்தினம் கேட்டார்.

வவுனியா நகரில் நடந்த பயிற்சியில், இணையத்தில் இலவசமாக ஒரு பக்கம் தொடங்கலாம், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாம் என்றார்கள். அப்போதே நான் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் பத்தாம் வகுப்புக்கு வியாழன்தோறும் ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்கினேன். அதிபர் ஒக்டோபர் ஆறாந் திகதி வந்து பார்ப்பாராம். அன்றைக்கும் இப்படி ஆளுக்கொரு பக்கமாகவே இருந்தால் அந்த மணித்தியாலம் தட்டச்சு வகுப்புக்குப் போய்விடும்.

22.09, வியாழன்
ஜெயந்தன் எழுதியதில் பிழை. இஷ்ராவுக்கு அது தெரியும், ஆனால் தொடவில்லை. ஏன் என்றேன்.

"மற்றவங்கட கொப்பியில எழுதினா நீங்கதானே டீச்சர் முழங்காலில நிக்க விடுவீங்க."

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. உண்மைதான். இருபது வருசமாக என் சட்டம் அது.

பிறகு நானே ஒரு பக்கம் தொடங்கினேன்: மாரி மழையோடு வரும் காலபோக நெற்செய்கை. "இது என்ர கொப்பி. திருத்துங்கோ."

"ரீச்சர் பிழை விடுவாவே?" என்றான் ஜெயந்தன். மரியாதையா, நக்கலா?

29.09, வியாழன்
நடந்துவிட்டது. 'முதல் மழைக்குப் பின்னரே விதைப்பர்' என்று நான் எழுதிய வரியைக் காணோம். அந்த இடத்தில்: 'முதல் மழைக்கு முன்னரும் காய்ந்த புழுதியில் விதைப்பார்கள். மழை பிடித்தால் உழவு மெசின் சேற்றில் புதையும். - றுமானா.'

வாயே திறக்காத றுமானா! இதற்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். ஆனால் நான் என்ன செய்தனான்? "ஆர் இதை அழிச்சது?" - அதே பழைய குரல். அவள் எழும்பி நின்றாள். "உனக்கு விசரே?" என்று யாரோ பின்னாலிருந்து. மணி அடித்தது. நல்லா எழுதினாய் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லேல்லை?

30.09, வெள்ளி
றுமானா வரவில்லை.

பாடசாலைக் காவலாளி வீரகத்திக்கு வயல் உண்டு. அவரிடம் கேட்டேன். "மழைக்கு முன்னமோ? நான் போன கிழமையே விதைச்சிட்டன். உங்கட புத்தகத்தில வேற மாதிரியே, ரீச்சர்?" என்றார்.

தாவரவியல் பட்டதாரி நான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனியே சிரித்தேன். பிழை விட்டதில் இவ்வளவு சந்தோசம் எனக்கு வந்ததே இல்லை.

04.10, செவ்வாய்
இன்றும் அவள் இல்லை.

05.10, புதன்
பழைய வரிகளையும் அந்தப் பக்கம் சேமித்து வைத்திருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் என் வரி திரும்ப வந்துவிடும். தட்டவில்லை. கீழே எழுதினேன்: 'றுமானா எழுதியது சரி. நான் எழுதியது பிழை.' என் பெயரும் போட்டேன்.

இஷ்ராவிடம் சொல்லி அனுப்பினேன்: வந்து பார்க்கச் சொல். "இப்ப நோன்பு எண்டு சாட்டுச் சொல்றாள், டீச்சர். அவளுக்கு உங்களைக் கண்டு பயம்தான்" என்றாள் இஷ்ரா.

நாளை அதிபர் வருகிறார். றுமானா வருவாளா?

06.10, வியாழன்
வந்தாள். நான் எழுதியதை இரண்டு தரம் வாசித்தாள். நான் எழும்பி என் கதிரையை அவளுக்கு விட்டேன்.

"மெசின் மட்டுமில்லை, மாடும் புதையும். போடு" என்றான் ஜெயந்தன்.

"நீ போடன். உனக்குக் கை இல்லையா?" என்றாள் றுமானா.

போட்டான். அதை இஷ்ரா திருத்தினாள். பள்ளியில் இணைய இணைப்புள்ள ஒரே கணினியைச் சுற்றிப் பதினொரு தலைகள். அதிபர் உள்ளே வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. பின்னால் நின்று வாசித்தார்.

"குளத்துக்குக் கீழ இருக்கிற வயலில இப்பிடியில்லை. அங்க தண்ணி திறக்கிற நாளைப் பாத்துத்தான் விதைப்பினம்" என்றார்.

"அப்ப நீங்களே எழுதுங்க, சேர்" என்று றுமானா எழும்பி இடம் விட்டாள்.

ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். மணி அடித்தும் எழும்பவில்லை. நான் தொடங்கிய பக்கத்தில் என்னுடைய வரிகள் மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன.