ஏழாம் எண் தனலெட்சுமி

பாலோ தோட்டம்
18 ஏப்ரல் 1943

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் தனலெட்சுமி எழுதுவது. நான் சுகம். நீங்களும் சைக்கிளும் சுகமா? சைக்கிளை முதலில் விசாரிக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் தம்போய்ப் பட்டறைக்குப் போனபின் பெரட்டில் புதுக்கூத்து. காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது வரிசையில் நிற்கிறவர்களே ஜப்பான் பாஷையில் எண் சொல்ல வேண்டுமாம். இரண்டாவது நிற்கும் செல்லம் ‘நீ’ என்று கத்தினால் வேலை வாங்கும் தண்டல் தன்னைத்தான் சொல்கிறாள் என்று முறைக்கிறார். எட்டாவது கருப்பாயி அக்கா ‘ஹாச்சி’ என்று தும்முகிறாள். நான் ஏழு. ஏழுக்கு ‘சிச்சி’ என்று சொல்ல வேண்டும். தினமும் விடிந்ததும் ஊரையே அருவருப்பது போலச் சிச்சி என்கிறேன், வரிசையே சிரிக்கிறது.

சிரிப்பு அங்கேயே முடிகிறது. சயாமில் ரயில் பாதை போட ஆள் ஏற்ற மே பத்தாம் தேதி லாரி வருகிறது. தோட்டக் கணக்கெழுதும் கிராணி ஒட்டிய பட்டியலில் ஐந்தாவது பெயர் உங்களுடையது. நீங்கள் அங்கே இருந்தாலும் பெயர் இன்னும் தோட்டத்துப் பதிவில்தான் இருக்கிறதாம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர்களில் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. ஜப்பான் சக்கரவர்த்தி பிறந்தநாள் சைக்கிள் பந்தயத்தில் முதலாவது வந்தால் ஆபீஸ் கடிதம் கொண்டுபோகும் வேலையும் கைப்பட்டையும் கிடைக்கும் என்றீர்களே, அதுதான் இனி நமக்கு வழி. கைப்பட்டை போட்டவர்களை லாரியில் ஏற்றுவதில்லை.

காற்றடைக்கும் டியூப் எங்கும் இல்லை. நான் ரப்பர் ஷீட்டைக் கீறி, முறுக்கி, புகைக்கூட்டில் காயவைத்துச் செய்த டயரை நம்பி மிதியுங்கள். இந்தக் கடிதத்தைத் தோட்டத்துச் சாமான் ஏற்றும் லாரிக்காரர் தங்கராஜு அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன்.

தனலெட்சுமி


தம்போய்
30 ஏப்ரல் 1943

என் தனத்துக்கு,

தோற்றுவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை நீ பதறிக்கொண்டு படிக்க வேண்டாம்.

பதினாறு பேர். மைதானத்தை இருபத்தைந்து சுற்று. ஒருவன் தண்ணீர்க் குழாயை வளைத்து டயராகப் போட்டிருந்தான், இன்னொருவன் கயிற்றைச் சுற்றியிருந்தான். பத்தாம் சுற்றுக்குள் பாதிப்பேர் சக்கரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். உன் டயர் அசையவில்லை. பதினெட்டாம் சுற்றில் எனக்கு முன்னால் ஒருவருமில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

மீதி எத்தனை சுற்று என்று ஒருவன் தகரக் குழலில் ஜப்பான் பாஷையில் கத்துவான். எனக்குக் கணக்கு எப்போதோ தவறிவிட்டது. கூட்டத்தின் இரைச்சலில் ‘இச்சி’ என்று விழுந்தது. ஒன்று, இதுதான் கடைசி. இருந்த மூச்சையெல்லாம் கொட்டி மிதித்தேன். கோட்டைத் தாண்டி, இறங்கி, இரண்டு கையையும் தூக்கினேன். கூட்டம் சிரித்தது. பாராட்டுகிறார்கள் என்று குனிந்து கும்பிடு வேறு போட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள்.

அவன் சொன்னது சிச்சி. உன் எண், இன்னும் ஏழு சுற்று. நீ எழுதி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மறந்து தொலைத்தேன்.

திரும்ப ஏறினேன். கால் கட்டையாகிவிட்டது. ஆனாலும் முடித்தேன். கடைசியில் மிஞ்சிய ஐந்து பேரில் நான்காவது.

பந்தயம் முடிந்ததும் இராணுவ சைக்கிள் பட்டறையின் ஜப்பான் பெரியவர் வந்து என் டயரை அமுக்கிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தோற்ற வெட்கத்தில் வந்துவிட்டது, தனம். அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் இன்னொன்று செய்து காட்டச் சொல்கிறார். எப்படி என்று உடனே எழுது.

செல்லப்பன்


பாலோ தோட்டம்
3 மே 1943

அன்புள்ள மாமாவுக்கு,

கும்பிடு போட்ட இடத்தில் சிரித்தேன். திரும்ப ஏறிய இடத்தில் அழுதேன். அத்தனை பேர் சிரிக்கும்போது மறுபடி ஏறி மிதிக்க யாருக்கு மனசு வரும்? முதலாவது வந்திருந்தால்கூட உங்களை இவ்வளவு மெச்சியிருக்க மாட்டேன்.

டயர் செய்யும் விதத்தை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் செய்வீர்கள். அது மூன்றாம் சுற்றில் கழன்று விழும். முறுக்கு எப்போது போதும் என்பது என் விரலுக்குத்தான் தெரியும், அதைக் காகிதத்தில் எப்படி எழுதுவது? சனிக்கிழமை வரை காத்திருக்காமல் போய் உண்மையைச் சொல்லுங்கள். அறை விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். லாரிக்கு இன்னும் ஏழே நாள். ஏழு என்றால் என்ன என்று இப்போதாவது ஞாபகமிருக்கிறதா?

தனலெட்சுமி


தம்போய்
6 மே 1943

என் தனத்துக்கு,

சொல்லிவிட்டேன். அவருக்குத் தெரிந்த மலாயில், ‘பினி சாயா’, என் பெண்டாட்டி செய்தது என்றேன். கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார், டயரைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

நம் இருவருக்கும் அவர் பட்டறையில் வேலை. தங்கராஜு கொண்டுவரும் காகிதத்தையும் இரண்டு கைப்பட்டைகளையும் கிராணியிடம் காட்டு. மேலே உன் பெயர், டயர் செய்பவர். கீழே என் பெயர், அவருக்கு உதவியாள். பட்டறையில் எல்லோரும் கேலி செய்கிறார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறேன்.

செல்லப்பன்


பாலோ தோட்டம்
10 மே 1943

அன்புள்ள மாமாவுக்கு,

நாளை மறுநாள் ரயிலில் வருகிறேன். ரப்பர் கீறும் புகைக்கூட்டுக் கத்தியும் இரண்டு சேலையும்தான் சாமான்.

கிராணி காகிதத்தைப் படித்துவிட்டு உங்கள் பெயரை அடித்தார். நான் சாமி கும்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது, அடித்த பெயருக்கு மேலேயே ஐயாசாமி அண்ணன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். தலை எண்ணிக்கை குறையக்கூடாதாம். கருப்பாயி அக்காவின் புருஷன், மாமா. நம் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்.

அக்காவிடம் போனேன். அவள்தான் முதலில் பேசினாள்: “ஒங்க ஊட்டுக்காரர் பேரு இருந்தப்ப நான் நிம்மதியா தூங்கினேன் புள்ள. இனிமே நீ தூங்கு.”

உங்களைப் பார்க்கப்போகிற சந்தோஷமும் அவள் முகத்தைப் பார்க்க முடியாத வெட்கமும் ஒன்றாக இருக்கின்றன. எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை.

இன்று காலை ஐயாசாமி அண்ணனையும் ஏற்றிக்கொண்டு லாரி போன பிறகு பெரட்டு நடந்தது. என் பெயரை எடுத்துவிட்டதால் நான் நம் லயத்து வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். ஆறு வரை எண் சொல்லி வந்தார்கள். என் இடத்துக்கு நகர்ந்து நின்ற கருப்பாயி அக்கா “சிச்சி” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.

தனலெட்சுமி