துணி இல்லாமல் ஓடும் மிஷின்

அக்கா, இது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதும் கடிதம். சொல்வதை மட்டும் எழுது, உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே என்பது அம்மாவின் கட்டளை. ஆனால் நடந்தது எதையும் மறைக்காமல் உள்ளதை உள்ளபடி எழுதுவது என்று நான் தீர்மானித்துவிட்டேன். அதனால் அம்மா சொல்வதை அப்படியே எழுதி, என் பங்கை அடைப்புக்குறிக்குள் போடுகிறேன். முடித்ததும் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன்.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, காய்ச்சல் தலைவலி எதுவும் அண்டாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். (இதைச் சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது. அப்பா அறைக்குக் கேட்காமல் இருக்க அம்மா தலையணையில் முகத்தைப் புதைத்து இருமினாள். கதவு சாத்தியிருந்தாலும் எனக்குத் தெரிந்தது.) போனை எடுப்பதில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, போனில் சரியாகக் காது கேட்கவில்லை. (நன்றாகக் கேட்கிறது. குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எடுப்பதில்லை. கடிதம் எழுதுவதும் அதற்காகத்தான்.)

உன் அப்பாவை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பியது உனக்குத் தெரியும். ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் இருந்த வார்டை இந்தத் தொற்றுக்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். விடுமுறை முடிந்ததும் அடுத்த ஊசி என்றார் டாக்டர். அதுவரை வெள்ளையணு குறைவாகத்தான் இருக்குமாம், ஒரு சின்னக் காய்ச்சல் வந்தால்கூட உடம்பு தாங்காதாம், வீட்டுக்குள் ஒரு ஈ காக்கை வரக் கூடாதாம். நான் விடுவேனா. தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கிறேன், பால்காரர் பாக்கெட்டைப் படியிலேயே வைத்துவிட்டுப் போகிறார். என்னையும் ஒருநாள் வெந்நீரில் முக்கி எடுத்துடுவியா என்று உன் அப்பா கேட்கிறார். வாய்க்கு மட்டும் ஒரு நோயும் இல்லை. நேற்று எதிர்வீட்டு ஜன்னலில் விடுமுறைக்காகத் தொங்கவிட்ட வண்ண விளக்குகளைப் பார்த்துவிட்டு, இது என்ன லைட்டிங், கொசு வீட்டுக் கல்யாணமா என்றார். நாடக அரங்கில் காலமெல்லாம் விளக்குப் போட்டவர் இல்லையா, அடுத்தவன் போட்ட விளக்கு பிடிக்காது. விடுமுறைக் காலம் என்றால் அரங்கில் நிற்க நேரம் இருக்காது நமக்கு, நான் உடுப்பு தைப்பேன், அவர் ஏணியில் தொங்குவார். இந்த வருஷம் அரங்கின் வாசலில் பூட்டு.

மருத்துவமனைக்காரர்கள் முகக்கவசம் தைக்கக் கொடுத்திருக்கிறார்கள், அவசர வேலை, அதனால் நான் தையல் அறையிலேயே இருந்துவிடுகிறேன், அப்பாவை உன் தங்கை பார்த்துக்கொள்கிறாள். (அக்கா, இங்கேதான் எனக்குக் கை நின்றது. யாரும் எதுவும் தைக்கக் கொடுக்கவில்லை. அன்று அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியபோது பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு அந்த வாடையே தெரியவில்லை. நான் ஓடி வந்து அணைத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள், நேராகத் தையல் அறைக்குப் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். மேல்மாடி மருந்துக்கடைக்காரர் பரிசோதனைக்கு ஆள் அனுப்பினார். தொற்று என்று வந்துவிட்டது. எனக்கு இல்லை. சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டு நான் தள்ளிப்போன பிறகுதான் அம்மா எடுப்பாள். அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். வேலை நடப்பதாக அவர் நம்ப வேண்டுமே, அதற்காகக் காய்ச்சலோடு உட்கார்ந்து மிஷினை மிதித்துக்கொண்டே இருக்கிறாள். ஊசியின் கீழே துணி இல்லை.)

நீ விடுமுறைக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வராதே. ரயிலில் எவன் எதைக் கொண்டுவருகிறானோ. நீ அங்கேயே பத்திரமாக இரு, அதுதான் எங்களுக்குப் பலம். இங்கே ஒன்றும் குறையில்லை. உன் தங்கை புத்தகத்தில் தலையை விட்டால் எடுப்பதில்லை, ஆனாலும் சூப்பு நன்றாகவே வைக்கிறாள், உப்புதான் சிலநாள் இரண்டு தடவை விழுகிறது. (ஒருநாள் மட்டும்.) கையைக் கழுவு, வெளியே போனால் முகத்தை மூடு, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். குளிர்காலத்துப் போர்வையை வெயிலில் போட்டு எடுக்க மறக்காதே.

இப்படிக்கு,
கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து வாழ்த்தும் உன் அம்மா

அக்கா, அம்மா சொன்னது முடிந்தது. இனி அடைப்புக்குறி இல்லை. கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள், அவள் சொன்னதை மட்டும் படித்துக் காட்டினேன். சரியா எழுதியிருக்கேடி என்றாள்.

இன்று மத்தியானம் அப்பாவுக்கு மருந்து கொடுக்கப் போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, வழக்கம்போல என்னை வாத்தியாரம்மா என்று கூப்பிட்டு, உங்கம்மா எத்தனை நாளா வெறும் மிஷினை மிதிக்கிறா என்று கேட்டார். நான் மாத்திரையை எடுத்து நீட்டினேன். துணி இருந்தா சத்தம் அமுங்கி வரும், இது மொட்டையா ஓடுது, கல்யாணமான நாளா கேக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்தேன். கை கொதித்தது. முகக்கவசத்துக்கு மேலே என் கண் எப்படி ஆனதோ, அவரே வெப்பமானியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். டாக்டர் எந்த எண்ணைத் தாண்டக் கூடாது என்றாரோ அதைத் தாண்டியிருந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். நாளைக் காலையில் வண்டி அனுப்புகிறேன், ஆனால் கூட ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும், கையெழுத்துப் போட, ரத்தம் கேட்க, ராத்திரியில் கவனிக்க, பள்ளிக்கூடப் பிள்ளையை உள்ளே விட மாட்டார்கள் என்றார். அம்மாவால் முடியாது. மருந்துக்கடைக்காரர் நாளைக்கு மட்டும் வருகிறேன் என்றிருக்கிறார், மறுநாள் அவர் கடை திறந்தாக வேண்டும், இந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான் கடை. நோயாளியின் மகள் என்றால் ரயிலில் அனுமதி தருகிறார்களாம், டாக்டரின் சீட்டையும் படம் எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். வராதே என்று அம்மா சொன்னதை நான் மாற்றவில்லை, மேலே அப்படியே இருக்கிறது. இரண்டையும் படித்துவிட்டு நீ முடிவு செய்.

காய்ச்சலை அம்மாவிடம் சொல்லட்டுமா என்று அப்பாவைக் கேட்டேன். வண்டி வந்தா தெரியத்தானே போகுது, இன்னிக்கு ஒரு ராத்திரி தூங்கட்டும் என்றார்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா. அரங்கில் திரை தூக்கும் முன் அப்பா பின்னாலிருந்து தயாரா என்று கேட்பார், கடைசி நடிகரின் கடைசிப் பொத்தானையும் பார்த்துவிட்டு அம்மா தயார் என்பாள், அதற்குப் பிறகுதான் விளக்கு இறங்கும். வெளிச்சத்தை டக்குனு கொல்லக் கூடாது, ஜனங்க பயந்துடுவாங்க என்று வீட்டில்கூட எல்லா விளக்குக்கும் வெளிச்சத்தை மெல்லக் குறைக்கும் திருகி மாட்டி வைத்திருக்கிறாரே. அம்மா தனி அறைக்குப் போன பிறகும் படுக்கும் நேரத்தில் அவர் கேட்பது நிற்கவில்லை. நேற்று அம்மாவுக்குத் தொண்டை அடைத்துவிட்டது, அவள் குரல் மாதிரி நான் தயார் என்றேன். அது அம்மா குரல் இல்லை என்று கண்டுகொண்டாரோ என்னவோ, தாமதித்துத்தான் அப்பா விளக்கை இறக்கினார். அதனால் இன்று அம்மா சாயங்காலத்தில் இருந்தே ஒரு வார்த்தை உரக்கப் பேசாமல், வெந்நீராகக் குடித்துத் தொண்டையைச் சேர்த்து வைத்திருந்தாள். இந்தக் கடிதத்துக்குச் சொன்னதுகூடக் கிசுகிசுப்பாகத்தான்.

இப்போது இரண்டு கதவுகளுக்கும் நடுவே முக்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மிஷின் நின்றுவிட்டது. அம்மா கதவருகே வந்து நிற்பது கீழே தெரியும் நிழலில் தெரிகிறது. அப்பாவின் கட்டில் கிரீச்சிட்டது, சுவர்ப்பக்கம் கையை நீட்டுகிறார் போலிருக்கிறது.

தயாரா என்று அவர் கேட்கவில்லை. அவர் கதவடியில் இருந்த வெளிச்சம் ஒரே நொடியில் போய்விட்டது. அம்மா நெடுநேரம் நின்றாள். பிறகு யாரும் கேட்காமலே, சுத்தமான குரலில், தயார் என்றாள். அவள் அறை விளக்கும் அணைந்தது.