சல்லிசா

கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன். ஆனாலும் விரலிடுக்கில் கொத்தமல்லித் தழையும் பச்சை வெங்காயமும் மணக்கின்றன. மதகடிப்பட்டில் நம் கடைக்கு இன்று லீவு. உன் முதல் வருஷப் படையல் மத்தியானத்தோடு முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். பாகூரிலிருந்து வந்த என் அக்கா கூடத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டாள். எனக்கும் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. படுத்தாலும் உன்னோடுதான் பேசிக்கொண்டு கிடப்பேன். அதை உட்கார்ந்து எழுதிவிடலாமே என்று பார்க்கிறேன்.

உனக்குக் கீமோ தொடங்கிய புதிதில் சோறு கொதிக்கிற ஆவிகூட ஆகவில்லை. தாளிக்கிற வாசனை பட்டால் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். வில்லியனூரிலிருந்து நம் மகள் வந்தவள் போனில் எதையோ காட்டினாள். மாம்பழத்தைப் பொடியாக அரிந்து, வேகவைத்த காராமணியைச் சேர்த்து, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு எல்லாம் போட்டுக் கலக்க வேண்டுமாம். தாளிப்பே கிடையாது. "இதுக்குப் பேரு சால்சாம்மா" என்றாள். நீ தலையணையில் சாய்ந்தபடியே, "இன்னாது, சல்லிசாவா? மாம்பழம் விக்கிற வெலையில எப்டிடி சல்லிசா ஆவும்?" என்றாய். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்குச் சல்லிசா என்றே பெயர்.

சல்லிசாவாம் சல்லிசா! என்னை அந்த அளவுக்குப் பாடாய்ப் படுத்திய வேலை வேறு கிடையாது. மளிகைக் கடைக்காரன் நான், காராமணியை மூட்டை மூட்டையாக நிறுத்து விற்றவன், ஒரு நாளும் அதை வேகவைத்ததில்லை. முதல் தடவை குழைந்து களியாகிவிட்டது. "இத்த எடுத்தும்போயி செவுத்துக்குப் பூசுங்க" என்றாய். அது வேகிற வாசனையும் உனக்கு ஆகாதே என்று மொட்டைமாடியில் கரண்ட் அடுப்பை வைத்தேன். இரவே ஊறவைத்து, காலையில் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி, நசுக்கினால் நசுங்கவேண்டும், ஆனால் தோல் பிரியக்கூடாது என்ற பதத்தில் வடித்து ஆறவைப்பேன். மாம்பழம் கொழகொழவென்று பழுத்துவிட்டால் போச்சு, கெட்டியாக இருக்கும்போதே அரிய வேண்டும். நன்றாகக் கழுவி, அப்போதே அரிந்து, அப்போதே கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் உனக்குப் பசி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? "ஏங்க, இப்ப ஒரு வாய் துன்னலாம் போலக்கீது" என்று போன் வந்தால் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுப்பேன். நான் வந்து அரிந்து முடிப்பதற்குள் அந்தப் பசி போயிருக்கும். மூடி வைத்த கிண்ணத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். யார்மேல் என்றுதான் தெரியாது.

மாம்பழம் ஓய்ந்த மாசங்களில் பப்பாளி போட்டேன். மறுபடி மாம்பழம் வந்தபோது உனக்கு வாயெல்லாம் புண். முதலில் மிளகாயை நிறுத்தினேன். எலுமிச்சை எரிந்தது, அதையும் நிறுத்தினேன். பிறகு வெங்காயம். கடைசியில் மாம்பழமும் காராமணியும் ஒரு சிட்டிகை உப்பும்தான் மிச்சம். அதில் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, "நீங்க துன்னீங்களா?" என்று கேட்பாய். ஆச்சு ஆச்சு என்று பொய் சொல்வேன்.

போனவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைத்துத்தானே படைக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் எனக்கு இது ஒன்றைத் தவிர வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. விடியும்போதே எழுந்து அரிய உட்கார்ந்தேன். இன்றைக்கு எல்லாம் போட்டேன், மிளகாயைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா இது?"

"இதான்க்கா அவளுக்குப் புடிக்கும். இத்த வெச்சிப் படைக்கணும்."

"இதுவா? மசால் வடைன்னா உசுர வுடுவாளேடா அவ! கடலப்பருப்பு ஊறப் போட்டுட்டேன். எண்ண சட்டி எங்க கீது?"

"இந்த வூட்ல எண்ண சட்டி வைக்கக்கூடாது. அவளுக்குக் கொமட்டும்!"

கத்திவிட்டேன். சமையலறை வாசலில் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றேனாம், மகள் பிறகு சொன்னாள். எதற்கெடுத்தாலும் எகிறுகிற அக்கா இன்று எகிறவில்லை. படைக்கும் முன் வாயில் வைக்கக்கூடாதென்று கிண்ணத்தைக் கிளறி மட்டும் பார்த்தாள்.

"மெளகா போட்டுக்கிறியே. வாய்ப்புண்ணு எரியாதா அவளுக்கு?"

"இப்ப ஏதுக்கா வாய்ப்புண்ணு?"

"அப்ப எண்ண வாசன மட்டும் எப்டிடா கொமட்டும்?"

அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். இந்த ஒரு வருஷமும் சீக்காளியான உன்னையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஆறட்டும் என்று ஊதக்கூடப் பொறுமையில்லாமல், சுடச்சுட வடையை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் தள்ளித் தள்ளித் தின்பாயே, அந்த உன்னை மறந்தே போயிருந்தேன்.

சட்டியை நான்தான் ஏறி எடுத்துக் கொடுத்தேன். "பச்ச வெங்காயத்த யாருடா படைப்பாங்க? சரி, ஓரமா வெச்சித் தொல" என்று அக்காவும் இறங்கி வந்தாள். இலையில் இரண்டையும் வைத்தோம்.

பக்கத்து வீட்டில் அப்பளம் பொரித்தாலும் ஓடிப்போய் உன் அறையைச் சாத்துகிறேன், தெரியுமா? நீ போன பிறகும் அப்படித்தான். இந்தக் கைக்கு யாரும் சேதி சொல்லவில்லை போலிருக்கிறது. இன்றும் முதல் வடை எண்ணெயில் விழுந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போடப் போன கையை எடுத்தேன். பிறகு கதவை அகலத் திறந்து, காலிக் கட்டிலைப் பார்த்து, "வாசன வருதா?" என்று கேட்டேன்.