நாலு மணி நேரம்தான்

செஞ்சி,
1.7.2025

அன்புத் தங்கை அனந்திக்கு,

அருகன் புண்ணியத்தில் இங்கே நாட்கள் ஓடுகின்றன. நீயும் உன் வீட்டுக்காரர் சாந்திகுமார் தம்பியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் சண்டையாகிவிடுகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

கர்ப்பப்பை ஆபரேஷனை இனித் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பின் ஒரு மாதம் குனிந்து நிமிரக் கூடாதாம். நைனாவைக் கைபிடித்து நடத்த, குளிக்க வைக்க, பொழுதோடு சோறு போட இந்த வீட்டில் நான் ஒருத்திதான். ஒரு மாதம் நீ வந்து இரு. கல்யாணமாகி சிங்கப்பூர் கிளம்பும்போது, “நாலு மணி நேரம்தான் நைனா, கூப்ட்டா வந்துருவேன்” என்று நீதானே சொன்னாய்? இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் அவர் அதைத்தான் சொல்கிறார். எனக்கு அலுத்துவிட்டதம்மா.

உன் அக்கா,
பத்மினி

சிங்கப்பூர்,
12.7.2025

அன்புள்ள அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. ஒரு மாதம் லீவு கேட்டால் வேலையே போய்விடும். 24ஆம் தேதி வருகிறேன், மூன்று நாள் இருப்பேன். உன்னையும் நைனாவையும் கவனிக்க ஆளும் பார்க்கலாம். விமானம் முற்பகலிலேயே சென்னையில் இறங்கிவிடும். அன்று மதியம் நைனாவோடு உட்கார்ந்து சாப்பிடுவேன், சொல்லிவை.

அன்புடன்,
அனந்தி

செஞ்சி,
19.8.2025

அன்பு அனந்திக்கு,

நீ வந்த அன்று ஆடி அமாவாசை. டிக்கெட்டில் திதியா போட்டிருக்கும்? எனக்கும் உறைக்கவில்லை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்களுக்கு நடுவே உன் கார் மாட்டிக்கொண்டது. “அவ வரட்டும், சேந்து சாப்டலாம்” என்று நைனா காலையிலிருந்து எதுவும் தொடவில்லை. நீ வாசலில் இறங்கும்போது இருட்டிவிட்டது. சமண நோன்பை விடாதவர், பொழுது சாய்ந்தபின் அவர் வாயில் எதுவும் படாது என்பது உனக்குத் தெரியும். உன்னை உட்கார வைத்துச் சோறு போடச் சொல்லி, நீ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீயும் சாப்பிட்டாய். பசியோடு வந்தவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ராத்திரி எனக்கு மனசு விட்டுப்போச்சு.

நீ பார்க்கலாம் என்ற ஆள் கிடைக்கவே இல்லை. அதனால் உன் வீட்டுக்காரரிடம் பேசினேன். விசாவுக்கு அவர்தான் ஏற்பாடு செய்தார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றது நான். சொன்னால் தள்ளிப்போடச் சொல்வாய். உன்னைப் பார்க்க வருவதற்கென்று எடுத்து, ஒரு முத்திரைகூட விழாமல் கிடந்த பாஸ்போர்ட்தான் நைனாவுடையது. லீவு முடிந்து அங்கே திரும்பும் நம் தெரு வெற்றிவேல் கூட வருகிறான். விமான நிலையத்திலிருந்து தம்பி அழைத்து வருவார். இந்தக் கடிதத்தை நைனாவின் பையில் வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் எனக்கு ஆபரேஷன். பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் துணைக்கு இருப்பாள். ஒரு மாதம் கழித்து வந்து அழைத்துப்போகிறேன். நாலு மணி நேரம்தானே.

அங்கே ஏழு மணிக்கு இருட்டிவிடுமாம். தம்பி எவ்வளவு சொன்னாலும், நீ வராமல் நைனா சோற்றில் கை வைக்க மாட்டார்.

இன்றைக்கு நீ எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாய்?

அக்கா,
பத்மினி