பலக்கே

ஆவணி 9, செவ்வாய்.

சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கூண்டை, அதாவது கேஜை, இழுக்கிற நீராவி எந்திரத்தை இன்று பிரித்துப் பூட்டினோம். பூட்டியபின் கியர் லீவர் அசையவில்லை. நானும் என்னோடு வேலை செய்யும் பூதிகோட்டை மல்லப்பாவும் சேர்ந்து அதில் தொங்கியும் சக்கரங்களின் பல்லோடு பல் சேரவில்லை. காலையில் ஏணி வழியாக இறங்கியவர்கள், திரும்ப ஏறத் தெம்பில்லாமல் கீழே மணிக்கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் என் மனைவியின் தம்பி அருளப்பனும் ஒருவன்.

மறுபடி பிரித்தோம். சக்கரத்துக்கு இடப்பக்கம் நான் மாட்டியிருந்த வளையத்தைப் பார்த்ததும் மல்லப்பா கத்தினான்.

"பலக்கே போடுன்னு சொன்னேனே!"

"அதான் பலமா முறுக்கி வச்சேனே, இன்னும் இன்னாபா?"

"ஐயோ, எங்க கன்னடத்துல பலக்கேன்னா வலது பக்கம்பா!"

வளையத்தை வலப்பக்கம் மாற்றினோம். லீவர் ஒரு கைக்கே நகர்ந்தது. கேஜ் ஏறி வந்தது.

"இன்னா மாமா, இம்மாம் நேரம்?" என்றான் அருளப்பன். மல்லப்பா விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் பிரேக்கை மாட்டியபோதும் மல்லப்பா ஏதோ சொன்னான். நான் புரிந்த மாதிரி தலையாட்டினேன். இப்போது, இந்த நடு இரவில், எவ்வளவு யோசித்தும் அந்தச் சொல் ஞாபகத்துக்கு வரவில்லை. கேஜ் ஏறும்போது நீராவி இழுத்துவிடும். இறங்கும்போது பிரேக்தான் பிடிக்க வேண்டும். விடிந்ததும் அருளப்பன் முதல் கேஜில் இறங்குகிறான்.

சட்டையை மாட்டிக்கொண்டேன். மல்லப்பா தூங்கினாலும் எழுப்பிக் கேட்கத்தான் வேண்டும்.